ஆளில்லாத அறைக்கு ஃபேன்

மாமி அறை ஃபேனை நிப்பாட்ட விடுறா இல்லை. ஆள் ஹோலில சீரியல் பாக்கிறா, அறையில ஈ, காக்கா இல்லை, ஃபேன் மட்டும் அஞ்சில சுத்துது. கேட்டா, "நான் படுக்கப் போகேக்க அறை குளிர்ந்து கிடக்கட்டும் பிள்ளை" எண்டுறா. நான் போய் நிப்பாட்டுவன். தண்ணி குடிக்கிற சாட்டில எழும்பிப் போய் திரும்பப் போட்டுட்டு வருவா.

கொழும்பில கடற்கரையோரம் இருக்கிற வெள்ளவத்தை எண்ட பேருக்கு எங்களுக்குக் கடல் காத்து வரவேணும். முன்னுக்கு எழும்பின பத்து மாடி அதை அப்பிடியே மறிச்சு வைச்சிருக்குது. அதோட இது சித்திரை. ஏப்ரல் 5 தொடக்கம் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில நிக்கும் எண்டு வருசாவருசம் வானிலை அறிக்கையில சொல்லுவினம். அதைக் கேட்ட கையோட மாமி கனடாவுக்கு ஃபோன் எடுத்து, "சூரியன் கிட்ட வந்திட்டுது" எண்டு அறிவிப்பா. பூமி சூரியனுக்கு ஆகக் கிட்டப் போறது ஜனவரித் தொடக்கத்தில. மாமி விடியப்புறம் போர்வை தேடுற காலம் அது.

சின்னவள் விடுவாளோ? "அப்ப நுவரெலியாவுக்குப் போனா சூரியனுக்கு இன்னும் கிட்டத்தானே அப்பம்மா? ஏன் அங்க குளிருது?"

"அது தேயிலை நிக்கிறதால."

இவர் எஞ்சினியர். ஒரு முழி முழிச்சார். பிறகுதான் வந்தது விளக்கம்: சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில, 1,868 மீட்டர் ஏறினதால அதில ஒண்டும் குறையாது, மேல போகப் போக அமுக்கம் குறைஞ்சு காத்து விரியும், விரிஞ்சா குளிரும். எல்லாம் சரி. எனக்கு அந்த முழிதான் பிடிச்சது. 2012இல ஷ்டுல்மன், வல்கார்செல் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில 150 பல்கலைக்கழக மாணவருக்கு 200 வசனம் குடுத்து, சரியோ பிழையோ எண்டு கேட்டிருக்கினம். "சந்திரன் பூமியைச் சுத்துது" எண்டதுக்குக் கெதியாப் பதில். "பூமி சூரியனைச் சுத்துது" மாதிரி, கண்ணால காணுறதுக்கு எதிரான வசனங்களுக்குச் சுணக்கம், பிழையும் கூட. படிச்ச படிப்பு சின்ன வயசு நினைப்பை அழிக்கிறேல்லையாம், அமுக்கி மட்டும் வைச்சிருக்குமாம். இவற்ற மண்டையில, மேல்மாடியில மொறட்டுவைப் பல்கலைக்கழகப் படிப்பு, கீழ்மாடியில மாமி. கேள்வி கேட்டா கதவைத் திறக்கிறது கீழ்மாடிதான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் ஒரே ட்ரேயில இருந்து ரெண்டு ஐஸ் கட்டி எடுத்து ரெண்டு சோசரில வைச்சாள். ஒண்டு குசினி மேசையில சும்மா. மற்றது ஹோலில டேபிள் ஃபேனுக்கு முன்னால. எது கனநேரம் நிக்கும்? மாமி: ஃபேன் கட்டி. சாப்பிட வந்திருந்த இவற்ற தம்பி: ஃபேன் கட்டி. இவர்: "யோசிச்சுச் சொல்லுறன்."

யோசிச்சு முடியமுன்னம் ஃபேன் கட்டியின்ர மூலையெல்லாம் மழுங்கி, உருகின தண்ணி காத்துக்கு நடுங்க, கட்டி தன்ர தண்ணியிலயே வழுக்கிக்கொண்டு சோசர் விளிம்பில போய் இடிச்சுது. குசினிக் கட்டி அசையாமல் கிடக்குது.

"அது சின்னக் கட்டி" எண்டா மாமி.

திரும்ப வைச்சம். பெரிய கட்டியா மாமியே பாத்து எடுத்துத் தந்தா. அதுவும் முந்திக் கரைஞ்சுது. மாமி தம்பியைப் பாத்த பார்வையில, அவன்தான் ஊதிவிட்டவன் எண்டு முடிவெடுத்திட்டா.

இவர் எழும்பி நிண்டு பாடம் எடுத்தார். ஃபேன் குளிரை உண்டாக்கிறேல்லை, கட்டியைச் சுத்தி நிக்கிற குளிர்ந்த காத்தைத் தள்ளிப்போட்டு அறையின்ர சூட்டுக் காத்தை அதில அடிக்குது. எங்களுக்குக் குளிருறது வேர்வை காயிறதால. ஆளில்லாத அறையில ஃபேனால மிச்சம் மோட்டர்ச் சூடு மட்டும்.

"அறைக்கு வேர்க்காதுதானே அப்பம்மா" எண்டு சின்னவள் சுருக்கமா முடிச்சாள்.

மாமி கொஞ்சநேரம் பேசேல்லை. அப்பாடா, பில் குறையப்போகுது எண்டு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டன்.

"அப்ப ஃபேனாலதான் என்ர அறை சூடாகுது. அதைத்தானே நான் இவ்வளவு நாளும் சொல்லுறன், ஒரு ஏசி பூட்டுங்கோ எண்டு."

இவர் ஒரு முழியும் முழிக்கேல்லை. "அம்மா சொல்லுறதில விஞ்ஞானம் இருக்கு" எண்டார், சுணங்காமல். இப்ப அண்ணனும் தம்பியும் டேப்பைப் பிடிச்சுக்கொண்டு மாமியின்ர சுவரை அளக்கினம். கரண்ட் பில் வாறது என்ர பேரில.