எது முதலில் வாடுமோ அதுதான் இன்றைய குழம்பு

மிச்சமான இட்லியை என்ன செய்யலாம் என்று யூடியூபில் தேடினால், அந்த நாலு இட்லியைக் காப்பாற்ற சீஸ் வாங்கச் சொல்கிறார்கள், குடைமிளகாய் வாங்கச் சொல்கிறார்கள், சாஸ் இரண்டு வகை, மேலே தூவ ஏதோ ஒரு பொடி, அப்புறம் எல்லாவற்றையும் எண்ணெயில் பொரிக்க வேண்டுமாம். வீட்டில் அரைத்த மாவில் ஊற்றிய நாலு இட்லி பத்து ரூபாய் பெறுமா என்பதே சந்தேகம். எங்கள் வீட்டில் அதை உதிர்த்துப் போட்டு, கடுகு உளுத்தம்பருப்பு பச்சைமிளகாய் தாளித்து, ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறினால் இட்லி உப்புமா, கதை முடிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது மிச்சத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி இல்லை. அது கடைசிக் கேள்வி. வீணாவது பெரும்பாலும் சமைத்த சோறும் குழம்பும் இல்லை, சமைக்காமலே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கிடந்து கொழகொழத்துப் போகிற காய்தான். ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வாங்கிய கீரை வியாழக்கிழமை கவருக்குள் கறுத்துப் போயிருக்கும், அதே வாரம் முழுக்க எது வாடாதோ அந்த உருளைக்கிழங்கையே வறுத்துத் தின்றிருப்போம். தப்பு சமையலில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

வரிசை என்றால் வாடுகிற வரிசை. கீரை வாங்கிய அன்றே, அதிகம் போனால் மறுநாள் காலை. அடுத்து வெண்டைக்காய், பீர்க்கங்காய், அவரை. அதற்கப்புறம் கத்தரி, முள்ளங்கி, கொத்தவரங்காய். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சவ்சவ் எல்லாம் பொறுமைசாலிகள். பரங்கி, சேனை, சேப்பங்கிழங்கு, வெங்காயம் இவையெல்லாம் ஃப்ரிட்ஜே கேட்காது. முழுப் பூசணி வெட்டாத வரை மூலையில் உட்கார்ந்திருக்கும், வெட்டிவிட்டால் அதுவும் அவசரக் கேஸ்தான். காலையில் "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் என் நாக்கிலிருந்து வருவதில்லை, கூடையிலிருந்து வருகிறது. எது தளர்ந்திருக்கிறதோ அதுதான் குழம்பு. இரண்டு மூன்று காய் ஒரே நேரத்தில் தளர்ந்திருந்தால் அன்றைக்குக் கூட்டுச்சாறு, அவ்வளவுதான்.

சேலத்தில் இருப்பதில் ஒரு வசதி, காய்க்கு அலைய வேண்டியதில்லை. அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, சூரமங்கலம், அஸ்தம்பட்டி என்று ஊருக்குள்ளேயே உழவர் சந்தைகள் இருக்கின்றன. 1999இல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியபோது சொன்ன நோக்கம் விவசாயியே நேராக விற்க வேண்டும் என்பது, இன்றும் வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேசுகிற வேலை மிச்சம். ஆனால் சந்தை முடிகிற நேரத்துக்குப் போகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. "எல்லாம் எடுத்துக்கோங்கக்கா, இருபது ரூபா" என்று ஒரு கூறு தக்காளியை அள்ளிக் கொட்டுவார்கள். விலை மலிவுதான், ஆனால் அது வாடி முடிகிற நிலையில் இருக்கிற தக்காளி, இன்று சாயங்காலமே அடுப்பில் ஏற வேண்டும். ஏற்ற முடியும் என்றால் வாங்குங்கள், வதக்கித் தொக்காக்கி வைத்தால் பத்து நாள் தோசைக்கு ஆகும். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர் அந்தக் கூற்றை வாங்கினால் இருபது ரூபாய் குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம். நான் வாரத்துக்கு இரண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறேன். விலை கொஞ்சம் கூடத்தான் வரும். மாதக் கணக்கில் பார்த்தால் குறைவாகத்தான் ஆகிறது.

மளிகை அப்படியில்லை. அதை மொத்தமாக செவ்வாய்ப்பேட்டையில் வாங்குவதுதான் லாபம், மிளகாயும் மல்லியும் வெயில் காலத்தில் வாங்கிக் காயவைத்து அரைத்துவிட்டால் வருஷம் ஓடிவிடும். ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பை விடுவதே இல்லை. பருப்பை ஒரே தடவை கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேகவைப்பேன். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர் ரசத்துக்கு, அடியில் இருக்கிற கெட்டிப் பருப்பில் பாதி கீரைக் கடைசலுக்கு, மீதி சாயங்காலக் கூட்டுக்கு. அதே குக்கரில் மேல்தட்டில் உருளைக்கிழங்கோ பீட்ரூட்டோ வைத்துவிட்டால் அதற்குத் தனி கேஸ் இல்லை. சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதும் சாப்பாட்டுச் செலவுதானே.

பீர்க்கங்காய் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. முதலில் மேலே துருத்திக்கொண்டிருக்கிற வரம்புகளை மட்டும் சீவித் தனியாகப் போட்டுவிட வேண்டும், அது வெறும் நார், வாயில் நிற்காது. அதற்குக் கீழே இருக்கிற இளம்பச்சைத் தோல்தான் நமக்கு வேண்டியது, அதைச் சதையோடு ஒட்டாமல் மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள். சதையை நறுக்கி, வெந்த பருப்போடு கூட்டு. தோலுக்கு, இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய் ஒரு கரண்டி விட்டு, உளுத்தம்பருப்பு சிவந்ததும் வரமிளகாய், அப்புறம் தோல். முதலில் தோல் எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு முறைக்கும், பயந்துபோய் இன்னும் எண்ணெய் ஊற்றாதீர்கள், தீயைக் குறைத்துப் பிரட்டிக்கொண்டே இருந்தால் சுருண்டு, பச்சை வாசனை போய், ஓரங்கள் லேசாக முறுகும். அப்போது புளி ஒரு சின்ன உருண்டை, கல்லுப்பு, இருந்தால் இரண்டு துண்டு தேங்காய். ஆறவிட்டு, தண்ணீர் கிட்டத்தட்ட விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். சுடு சோற்றில் நல்லெண்ணெய் விட்டு இந்தத் துவையலைப் பிசைந்தால் அன்றைக்கு வேறு குழம்பு தேவையில்லை.

சவ்சவ் தோலுக்கும் இதே வைத்தியம்தான். ஏற்காட்டிலிருந்து யார் இறங்கி வந்தாலும் பையில் சவ்சவ் இருக்கும், எங்களுக்கு அது வாங்குகிற காய் இல்லை, வருகிற காய். பலாப்பழச் சீசனில் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துவிட்டால் ரொம்ப நாளைக்கு முருங்கைக்கீரையோடும் கத்தரிக்காயோடும் குழம்பில் போட்டுக்கொண்டே இருக்கலாம். முள்ளங்கியை இலையோடு வாங்குங்கள், இலை அன்றைக்கே பொரியல், கிழங்கு இரண்டு நாள் கழித்து சாம்பார். மல்லித்தழைத் தண்டு ரசத்துக்கு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் யாருக்கும் தெரியாது, சுரைக்காய் என்று நினைத்துச் சாப்பிடுவார்கள்.

இப்படிச் சொன்னதும் எல்லாத் தோலையும் தின்னக் கிளம்பிவிடக் கூடாது. மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு. அதன் தோலில்தான் சயனைடு நஞ்சைத் தருகிற பொருள் அதிகம். தோலை முழுசாக உரித்து எறிந்துவிட்டு, கிழங்கை நிறையத் தண்ணீரில் திறந்து வைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கும் முளைத்த கண்களும் அப்படித்தான். பீர்க்கங்காயோ சுரைக்காயோ நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. கசப்புச் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரே போனவர்கள் இருக்கிறார்கள்.

குச்சிக்கிழங்கு என்றதும் ஜவ்வரிசி ஞாபகம் வருகிறது, இந்தக் கிழங்கின் பாலில்தான் அதைச் செய்கிறார்கள். ஆலைகளில் பால் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர், அதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காசு தெரிந்த ஊர் இது.

சமைத்ததில் எது சீக்கிரம் கெடும் என்பதும் ஒரு வரிசை. தேங்காய் அரைத்து ஊற்றியது முதலில் போகும், பருப்பு அடுத்தது, புளி தாங்கும். அதனால் கூட்டையோ பொரியலையோ இரண்டு வேளைக்குச் சேர்த்துச் செய்தால், தேங்காய் போடுவதற்கு முன்பே இரவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, காலையில் சாப்பிடுவதில் மட்டும் தேங்காய் சேர்க்கிறேன். இந்த ஒரு பழக்கம் எங்கள் வீட்டில் எவ்வளவு கூட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லி மாளாது. புளிக்குழம்பு மிஞ்சினால் கவலையே இல்லை, மறுநாள் மண்சட்டியில் சுண்டவைத்து, எண்ணெய் பிரிந்து அடியில் ஒட்டுகிற பதத்தில் இறக்கினால், முதல்நாள் குழம்பைக் குறை சொன்னவர்கூடச் சட்டியை வழித்துத் தின்பார்.

சோறு மிஞ்சினால் ராத்திரியே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். காலை வரை சும்மா மூடி வைத்துவிட்டு, வாசனை பார்த்து, தாளித்து எலுமிச்சை சாதமாக்குகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. அறைச் சூட்டில் கிடந்த சோற்றில் வளர்கிற கிருமி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினால் போய்விடுவதில்லை. சித்திரை வெயிலில் சேலத்துச் சமையலறை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாளிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் சோறு ஆறியவுடன் ஃப்ரிட்ஜில். இல்லையென்றால் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய். நீத்தண்ணி மாமியாருக்கு, அதில் வேறு யாரும் பங்கு கேட்க முடியாது.

"ஏம்மா, இதையெல்லாமா எடுத்து வெச்சிருக்க?" என்று ஊரிலிருந்து வருகிற உறவுகள் கேட்பதுண்டு. கஞ்சத்தனம் என்று சொல்லாமல் சொல்வது. அப்படிக் கேட்டவர்களுக்குச் சாயங்காலம் தட்டுவடை செட் போட்டுக் கொடுப்பேன். தட்டுவடை கடையில் வாங்கியது, நடுவில் வைக்கிற பீட்ரூட்டும் கேரட்டும் கூடையின் அடியில் பாதி பாதியாகக் கிடந்தவை, துருவிவிட்டால் தளர்ந்ததா புதுசா என்று ஒருவருக்கும் தெரியாது. புதினாவும் மல்லித்தண்டும் அரைத்த பச்சைச் சட்னி ஒரு பக்கம், பூண்டு மிளகாய்ச் சட்னி ஒரு பக்கம். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவார்கள்.

நாங்கள் சுத்த சைவம் இல்லை. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு கறி எடுப்போம், நடுவில் முட்டை. அரைக் கிலோ கறியில் உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ சேர்த்துக் குழம்பாக நீட்டினால் ஐந்து பேருக்கு மதியம் போக மறுநாள் இட்லிக்கும் ஆகும். வறுவலாகச் செய்தால் ஒரே வேளையில் காலி, சண்டை வேறு.

கடைசியாக, டிபன் பாக்ஸ். வீட்டில் என்னதான் கணக்குப் பார்த்தாலும் பள்ளியிலிருந்து பாதி பொரியல் திரும்பி வந்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது, காலை ஏழு மணிக்கு மூடிய டப்பா மாலை நாலரைக்குத் திறந்தால் அது மாட்டுக்குக்கூட ஆகாது. அதனால் அளவைக் குறைத்து, பசித்தால் வந்து சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். பீன்ஸ், கேரட், கோஸ் எல்லாம் இப்போது டப்பாவில் மிஞ்சுவதில்லை. புடலங்காய் மட்டும் எத்தனை விதமாகச் செய்து அனுப்பினாலும் அப்படியே திரும்பி வருகிறது. இப்போது சந்தையில் புடலங்காய்க்காரம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறேன்.