ஃபார்மட் செய்வதற்கு முன்

பழுது பார்க்கும் மேசைக்கு வரும் கணினிகள் பலவற்றில் தீர்ப்பு முதலிலேயே எழுதப்பட்டிருக்கும்: “ரொம்ப ஸ்லோ, ஓஎஸ் மாத்திக் குடுங்க.” கொண்டு வருபவரைக் குறை சொல்ல முடியாது. ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் கெட்டுப்போன கணினிகூடச் சில நாள் நன்றாக ஓடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பழுதுக்கான தடயங்கள் அத்தனையும் பழைய விண்டோஸோடு அழிந்துபோகின்றன. உண்மையான காரணம் ஹார்ட் டிஸ்க்கோ ராம் என்னும் நினைவகமோ என்றால் அதே கணினி அதே புகாரோடு திரும்பி வரும். அப்போது உள்ளே இருந்த கோப்புகளும் போயிருக்கலாம். வேகமான டிஸ்க் வகையான எஸ்எஸ்டி உள்ள கணினியில் விண்டோஸ் போட அரை மணி நேரம் போதும். ஏன் போட வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற சிறு மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைத் திறந்தால், சாட்டா கேபிளில் இணையும் டிஸ்க்கில் 16 அடிமான (0–9, A–F) எண்களாகத் தெரியும்; அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்க எளிது, ஆனால் ஒவ்வொரு வரியின் அடையாள எண் வேறு, அதன் மதிப்பு வேறு என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பத்தடிமானக் கணக்கில் அடையாள எண் 5 உள்ள வரி, கெட்டதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்). 197 (16 அடிமானத்தில் C5) என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198 (C6) திருத்தவே முடியாதவை. மூன்றிலும் பூஜ்யம் இருப்பதே நல்லது. 197இல் எண் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கில் எந்த ஓஎஸ் போட்டாலும் வீண். 199 (C7) மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கை விட்டுவிட்டு சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த எண்ணிக்கை அது. சாட்டா கேபிள் இல்லாமல் மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் இந்த வரிகள் இருக்காது. அங்கே தரவுப் பிழைகளின் எண்ணிக்கையையும், எழுதித் தேய்ந்த ஆயுள் எத்தனை சதவீதம் என்பதையும் பார்க்கலாம்.

ஸ்மார்ட் எல்லாம் ‘குட்’ என்று காட்டினாலும் விண்டோஸ் தன் பிழைகளைப் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூவரை ஒருமுறை திறப்பது நல்லது. சிஸ்டம் பதிவில் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற நிகழ்வு எண் வந்தால் கெட்ட பிளாக், 153 வந்தால் படிக்கும் முயற்சி மறுபடி செய்யப்பட்டது, சாட்டா டிரைவரின் பெயரில் 129 வந்தால் டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட் ஆனது. மவுஸ் மட்டும் நகரும், மற்ற எல்லாம் அரை நிமிடம் உறைந்து நிற்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடும் என்று பயனர் சொல்வது பெரும்பாலும் இந்த 129ஐத்தான்.

டிஸ்க் சாகிறது என்று தெரிந்தபின் செய்யக் கூடாத முதல் காரியம், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ‘ஆர்’ தெரிவோடு (chkdsk /r) ஓட்டுவது. பலரும் பழக்கத்தில் அதைத்தான் செய்கிறார்கள். அது டிஸ்க் முழுவதையும் ஒவ்வொரு செக்டராகப் படிக்க வைக்கும். உயிர் ஊசலாடும் டிஸ்க் அந்த வேலையிலேயே நின்றுபோகலாம். போதாததற்கு, கோப்பு அமைப்பைத் திருத்துவதாக அந்த டிஸ்க்கிலேயே எழுதவும் செய்யும். தரவு வேண்டுமென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, அதை லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் கொண்டு அதே அளவோ பெரியதோ ஆன வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். மேப் கோப்பு ஒன்றைக் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும்: எது படிக்கப்பட்டது, எது மீதி என்று அதில் பதிவாகும், நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில் போகும். சாதாரண காப்பி-பேஸ்ட் கெட்ட செக்டரில் முட்டிக்கொண்டு அங்கேயே நேரத்தைத் தின்னும். பழுது நீக்கும் முயற்சிகளை எல்லாம் பிரதியில் செய்துகொள்ளலாம்.

அடுத்தது ராம். ப்ளூ ஸ்கிரீன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் சொன்னால் ராம் மீது சந்தேகம் கொள்ளலாம். ஒரே காரணத்தையும் ஒரே டிரைவர் கோப்பையும் காட்டினால் அந்த டிரைவர் மீது. ஒவ்வொரு ப்ளூ ஸ்கிரீனின்போதும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பதிவாகும் மினிடம்ப் கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இது தெளிவாகும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் தனி பென் டிரைவில் பூட் ஆகி ஓடும். நான்கு சுற்றும் முடிய விட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், “ஒண்ணுதானே” என்று விட முடியாது. வழக்கமான வேகத்தைத் தாண்டி ராமை ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பில் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதித்து, பிறகு ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே போட்டுப் பார்க்கலாம். கெட்ட ராமோடு புதிய விண்டோஸ் போட்டால், நிறுவும்போதே கோப்புகள் சிதைந்து டிஸ்க்கில் இறங்கும்.

கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்து 41 என்ற கெர்னல்-பவர் பதிவு மட்டும் விட்டுச் சென்றால், அதன் விவரத்தில் பக்செக்கோடு (ப்ளூ ஸ்கிரீனின் பிழை எண்) 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 0 என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கிறது. பவர் சப்ளை, சூடு, தளர்ந்த இணைப்பு என்று தேட வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மறந்துவிடக் கூடாது. அந்த 3 வோல்ட் இறங்கிவிட்டால் கடிகாரம் பழைய தேதிக்குப் போவதோடு, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸின் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். அதனால் டிஸ்க்கோடு கணினி பேசும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறினால் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று ப்ளூ ஸ்கிரீன் வரும். விண்டோஸ் நல்ல நிலையில்தான் இருக்கும். பேட்டரியை மாற்றி, பயாஸில் ஒரு வரியைத் திருத்தினால் சரியாகும் இந்தப் பழுதுக்கும் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வன்பொருள் சரி என்றால் மென்பொருளுக்கு வரலாம். ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்கி உள்ளே போய்ப் பார்ப்பது சில நிமிட வேலை. அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கெட்டது பழைய பயனரின் ப்ரொஃபைல் மட்டுமே. சிஸ்டம் கோப்புகள் சிதைந்த அறிகுறி இருந்தால் விண்டோஸின் இரு திருத்தும் கட்டளைகளில் டிஸ்ம் கொண்டு ‘ரீஸ்டோர் ஹெல்த்’ முதலில், எஸ்எஃப்சி ஸ்கேன் பிறகு. எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுப்பது, விண்டோஸ் தன் மூலக் கோப்புகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் சேமிப்பிலிருந்து. அந்தச் சேமிப்பே சிதைந்திருந்தால் எஸ்எஃப்சி கையை விரித்துவிடும். டிஸ்ம் அதைத்தான் சரி செய்கிறது. இடையில் சதவீதம் வெகு நேரம் நகராமல் நிற்கும், அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது.

பூட் ஆகவே இல்லை என்றால், பழைய பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினிகளில் ‘பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்’ கட்டளை ‘அக்சஸ் டினைடு’ என்று மறுப்பது அடிக்கடி நடக்கும். டிஸ்க்பார்ட் கட்டளையில், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, ‘பிசிடிபூட்’ கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுத வைப்பதே நேரான வழி. அந்தப் பார்ட்டிஷன் ஃபேட்32 வடிவில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். ரெக்கவரி திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் இருப்பது அங்கே டி டிரைவாக இருக்கலாம். எந்த டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று ‘டிஐஆர்’ கொடுத்துப் பார்த்த பிறகே கட்டளை அடிக்க வேண்டும்.

ஃபார்மட் தேவைப்படாத பழுதுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை ப்ளூ ஸ்கிரீனில் நிறுத்தியது. தீர்வு, சேஃப் மோடில் நுழைந்து டிரைவர்கள் ஃபோல்டரில் 291 என்ற எண் கொண்ட ஒரு கோப்பை அழிப்பது. அதற்கு ஓஎஸ்ஸை மறுபடி நிறுவ வேண்டியிருக்கவில்லை. ஆனால் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்த கணினிகளில் அந்த ஒரு கோப்பைத் தொடவே 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. சாவி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்குத்தான் வேலை நீண்டது.

இப்படிப் பழுது நீக்குவதற்கும் ஃபார்மட்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. விண்டோஸ் ஏதோ ஒரு நிலையில் திறக்கிறது என்றால், விண்டோஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அதற்குள்ளேயே திறந்து செட்டப்பை ஓட்டலாம். கோப்புகள், மென்பொருள்கள் இரண்டையும் வைத்துக்கொண்டே விண்டோஸ் தன்னைப் புதிதாக நிறுவிக்கொள்ளும். ஏறத்தாழ 20 ஜிபி காலி இடம் வேண்டும். மொழியும் பதிப்பும் ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்; இல்லையென்றால் ‘கோப்புகளும் ஆப்களும் அப்படியே’ என்ற தெரிவு மங்கிக் கிடக்கும். பென் டிரைவில் பூட் செய்து உள்ளே வந்தால் இந்த வழி கிடைக்காது. ‘ரீசெட் திஸ் பிசி’யும் இதுவும் ஒன்றல்ல. ரீசெட்டில் கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

வைரஸ், ரான்சம்வேர் தாக்கிய கணினி, டிஸ்க் மாற்றிய கணினி, டிஸ்முக்கும் அடங்காத சிதைவு: இவற்றுக்கு முழுதாகப் புதிதாகப் போடுவதே சரி. தாக்குதல் நடந்த கணினியில் “சுத்தம் பண்ணியாச்சு” என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எல்லா பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், கடவுச்சொற்களையும் வேறு கணினியிலிருந்து மாற்ற வேண்டும்.

அப்படி முடிவெடுத்தபின் அதிக நேரம் செலவழிய வேண்டியது பேக்கப்பில். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விடுபடுவது வேறு. அவுட்லுக்கின் மின்னஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு, கணக்குப்பதிவு மென்பொருள் சி டிரைவின் வேரிலேயே வைத்திருக்கும் தரவு, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், பிரிண்டரின் ஐபி முகவரி. தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகமாக இருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை விடவே கூடாது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கீபோர்டு மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். “முக்கியமா என்ன இருக்கு?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல” என்றுதான் பதில் வரும். “தினமும் காலைல எதைத் திறப்பீங்க? மாசக் கடைசியில எதைத் திறப்பீங்க?” என்று கேட்டால் உண்மையான பட்டியல் வரும்.

பிட்லாக்கர் சாவி கையில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும்; சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். டிரைவர்களை ‘பிஎன்பியூடில்’ கட்டளையால் மொத்தமாக ஒரு ஃபோல்டரில் ஏற்றுமதி செய்யலாம். குறைந்தது நெட்வொர்க் டிரைவராவது பென் டிரைவில் இருக்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 11இன் தொடக்க அமைப்பு இணையம் இல்லாமல் நகர மறுக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது யுஎஸ்பி டெதரிங்: ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்தால் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே இணைப்பு வந்துவிடும்.

நிறுவும்போது வரும் தடைகள் பெரும்பாலும் சிலவேதான். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் காரணம் விஎம்டி என்ற இன்டெலின் டிஸ்க் நிர்வாக அமைப்பு. இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் பிரித்து வைத்து ‘லோட் டிரைவர்’ வழியே காட்டினால் டிஸ்க் வந்துவிடும். ‘எம்பிஆர் டிஸ்க், ஜிபிடியில்தான் நிறுவ முடியும்’ என்றால் பென் டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது, டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது என்று பொருள். பேக்கப் முடிந்திருந்தால் பார்ட்டிஷன்களை அழித்துவிட்டால் போதும், விண்டோஸே ஜிபிடியாக மாற்றிக்கொள்ளும். 0x80070570, 0x8007045D போன்ற பிழைகள் நடுவில் வந்தால் முதலில் வேறு பென் டிரைவையும் வேறு போர்ட்டையும் முயல வேண்டும். அப்போதும் வந்தால் மேலே சொன்ன டிஸ்க், ராம் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸ் போகாத டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் புதிய எஸ்எஸ்டியில் இறங்கும், பூட் கோப்புகள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்காரும். அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தால் கணினி பூட் ஆகாது. கழற்றி வைத்தால், தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடும் ஆபத்தும் போய்விடும்.

கீ கேட்கும் திரையைத் தாண்டிவிடலாம். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினி என்றால் டிஜிட்டல் உரிமம் அந்த மதர்போர்டோடு இணைந்திருக்கும். பதிப்பு மட்டும் மாறக் கூடாது: ஹோம் இருந்த கணினியில் ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் உள்ளிட்ட தேவைகள் பொருந்தும் கணினிகளில் 11ஐப் போடுவதே முறை.

நிறுவி முடித்ததும் சிப்செட் டிரைவர், பிறகு நெட்வொர்க், கிராஃபிக்ஸ், விண்டோஸ் அப்டேட். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. ‘ரீஏஜென்ட்சி இன்ஃபோ’ கட்டளை ரெக்கவரி இயங்கு நிலையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அது இல்லாத கணினி அடுத்த முறை பூட் ஆகாமல் நின்றால் ரிப்பேர் திரையே வராது. டிஸ்க்கை மாற்றியிருந்தால் பழையதை உடனே துடைத்து வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவியிருந்தால் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் இருக்கும், ஆனால் சில நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும். அதை நம்பி இருக்க முடியாது. பழைய டிஸ்க்கில் தேதியும் கணினியின் பெயரும் எழுதி ஒட்டி, அந்த அலுவலகத்தின் ஒரு மாதக் கடைசியும் ஓர் ஆண்டுக் கணக்கு முடிப்பும் தாண்டும் வரை அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.