கருமத்தம்பட்டியில் ஆண்டின் கடைசி இரவு

கேட்பதற்கு ஆண்டு முழுவதும் நாள் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு நன்றிக்கு உரியது என்பது என் அம்மாவின் கட்டளை. கோவை அருகே கருமத்தம்பட்டியிலுள்ள ஜெபமாலை அன்னை பசிலிக்கா கோவிலின் வாசலை மிதித்ததும், "இன்றைக்கு மாதாவிடம் எதையும் கேட்காதே கண்ணு. கொடுத்ததை மட்டும் சொல்லு" என்பார்.

2024 முடிந்த அந்த இரவில் எனக்கு அது எளிதாக இல்லை. விசைத்தறியை நம்பியிருக்கும் குடும்பம் எங்களுடையது. நெய்வதற்குப் பாவு நூல் கிடைக்காமல் தறிகள் நின்ற நாட்கள் அதிகம்; ஓடிய நாட்களின் கூலியும் கட்டுப்படியாகவில்லை. பீடத்தை நோக்கி மண்டியிட்டபோது மனதில் வந்ததெல்லாம் கடன் தவணைதான். பக்கத்தில் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஜெபமாலையின் மரமணிகள் விரல் பட்டுப் பட்டு நிறம் வெளுத்திருந்தன. ஒரு மணிக்கு ஒரு நன்றி. தம்பி மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது, அடுத்த வீட்டுக்காரர்களோடு பேச்சு மீண்டது என்று மெல்லிய குரலில் போய்க்கொண்டிருந்த வரிசையில், "எங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்தது" என்றும் ஒன்று கேட்டது.

அம்மா பிறந்த ஊர் அன்னூர்ப் பக்கம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் வேண்டுமென்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த மண் அது. கூட்டம், மனு, உண்ணாவிரதம் என்று அலைந்தவர்களில் என் அப்பச்சியும், அதாவது அம்மாவின் அப்பாவும், ஒருவர். 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை எடுத்து, குழாய் வழியே 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்பச்சி அதைப் பார்க்கவில்லை. சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்த குட்டையைத்தான் அவர் கடைசியாகப் பார்த்தது. அவருக்கும் சேர்த்து அம்மா நன்றி சொன்னார்.

விதைத்தவர் ஒருவர், பார்த்தவர் வேறொருவர் என்பது இந்தக் கோவிலுக்கும் புதிதல்ல. 1846 அக்டோபர் 4 அன்று மெல்கியோர் தெ பிரெசியாக் என்ற பிரெஞ்சு மறைபோதகர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது இதே கருமத்தம்பட்டியில்தான். கோவைப் பகுதித் திருச்சபையின் பொறுப்பை ஏற்றவர், சில ஆண்டுகளில் அதைத் துறந்து பிரான்சுக்குத் திரும்பினார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மறைபோதகச் சபை ஒன்றைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கரையிறங்கி, ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். எல்லாம் அதோடு முடிந்தது என்றுதான் அன்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவர் தொடங்கிய சபை இன்றும் ஆப்பிரிக்க நாடுகளில் பணி செய்கிறது. ஆண்டு முடிவில் கையை விரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று நினைக்கிற எவருக்கும் இந்த மனிதரைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

நள்ளிரவுத் திருப்பலிக்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. தறிக்கூடத்திலிருந்து நேரே வந்த ஒருவர் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றார். ஜனவரி முதல் நாள் இறைவனின் தாயாகிய மரியாவின் பெருவிழா. முதல் வாசகம் விவிலியத்தின் எண்ணிக்கை நூலிலிருந்து: "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக!" இதற்கு முன்பும் பல புத்தாண்டுகளில் கேட்ட வரிதான். அன்று 'காப்பாராக' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. தறி நின்ற நாட்களிலும் அடுப்பு எரிந்திருக்கிறதே, கடனுக்கு அரிசி கொடுத்த கடைக்காரர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லையே என்று, அதன்பிறகுதான் எனக்கு நன்றிகள் வரத் தொடங்கின. வந்தவை நிற்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 24 அன்று ரோமையில் புனிதக் கதவைத் திறந்து தொடங்கிவைத்த யூபிலி ஆண்டின், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் புனித ஆண்டின், கருப்பொருள், 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்'. எதிர்நோக்கு ஒருபோதும் ஏமாற்றம் தராது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியதும், வேதனையையும் பொறுமையையும் பேசிய பிறகுதான். அந்த வரிசையை நான் நம்புகிறேன்.

திருப்பலி முடிந்ததும் அம்மா என் கையைப் பற்றி, "இப்போது கேள்" என்றார். தறி ஓட வேண்டும் என்று கேட்டேன். குட்டையில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றும், தூண் ஓரம் நின்றவருக்குக் கூலி உயர வேண்டும் என்றும் கேட்டேன்.