ஜார்ஜ் டவுன்: சாம்பல் இல்லாத சாமி மாடம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தில் பையை வைத்ததும் நேராகப் போனது நாசி கண்டார் கடைக்குத்தான். சோற்றை வைத்துவிட்டு, "பஞ்சிரா?" என்று கேட்டார் பாய். மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். தலையாட்டினேன். மீன், கோழி, மாட்டிறைச்சி என்று நாலைந்து குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி, சோற்றைச் சுற்றிக் குளம் கட்டியது. ஓரத்தில் இரண்டு வெண்டைக்காய். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தோளில் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு இது.

1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றி, வரியில்லாத் துறைமுகமாக்கினார். அப்புறம் சீனர், அச்சேனியர், ஆர்மீனியர், நம் கரையிலிருந்து போன சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் என்று ஆளாளுக்கு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் குடியிருந்தார்கள், கும்பிட இடம் கட்டினார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் இன் கோயில் மூன்றையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிட்டேன்.

1969-இல் வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகை போய், ஊரில் வேலை வற்றியது. 1972-இல் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை வந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனத்தின் முதல் ஆலை. நெல் விளைந்த மண்ணில் சிப் தயாரானது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே அந்தத் தொழிற்பேட்டை இருக்கிறது.

பழைய நகரத்துக்கு அடி விழுந்தது வேறு வகையில். பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தது. இடிபட இருந்த கட்டடங்கள் பல தப்பின, அது பெரிய நன்மைதான். ஆனால் வெளியூர்ப் பணமும் வெளிநாட்டுப் பணமும் கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகளை வாங்கி, தங்கும் விடுதியும் காபிக் கடையுமாக மாற்றின.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு தையல்கார ஐயாவிடம் சட்டைப் பொத்தான் தைக்கக் கொடுத்தேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "எதிர்த்தாப்புல ஒரே வீட்டுல மூணு குடும்பம் இருந்துச்சு தம்பி. வாடகை ஏறவும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்துக்குப் போயிட்டாங்க. பண்டிகைன்னா இங்க இருந்து அங்க பலகாரம் போகும். இப்ப யாருக்குக் குடுக்குறது?"

காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு விடுதி வாசலில் நின்றேன். மரக் கதவில் புது வார்னிஷ், அட்டை காட்டினால் திறக்கும் பூட்டு. பக்கத்துச் சுவரில் பழைய வீட்டுக்காரர்களின் சாமி மாடம், சிவப்புத் தகரத்தில், அப்படியே இருந்தது. துடைத்து வைத்திருந்தார்கள். ஊதுபத்திக் கிண்ணத்தில் ஒரு துளி சாம்பல் கூட இல்லை. மனசு கனத்துப்போனது. கட்டடத்தைக் காப்பாற்றச் சட்டம் போட்டவர்கள், அதில் குடியிருந்தவர்களின் வாடகையையும் யோசித்திருக்க வேண்டாமா?

இரண்டு வீடு தள்ளி, ஒரு சீனப் பாட்டி மூன்று ஊதுபத்தியைப் பற்றவைத்துத் தன் வீட்டு மாடத்தில் குத்திவிட்டு உள்ளே போனார். அந்த வரிசையில் புகை வந்தது அங்கிருந்து மட்டும்தான்.