மில்ட்ரிகாரர் வீடு

டிசம்பர் 5, 2024

அப்பா தவறிப் போனதுல இருந்து வீட்டுக்கு ஆளுங்க வந்துனே இருக்காங்க. வேலூர் சுத்துவட்டாரத்துல மில்ட்ரிகாரங்களுக்கு பஞ்சமே இல்ல, கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, ஆனா எங்க தெருவுல மில்ட்ரிகாரர் வீடுன்னா அது எங்க வீடு மட்டும்தான். இன்னிக்கு வந்த ஒரு பெரியம்மா, அப்பா பேங்க்ல செக்யூரிட்டியா இருந்தப்போ பழக்கமாம், "பணம் எடுத்துட்டு வெளிய வந்தா பஸ் ஏறுற வரைக்கும் பார்த்துனே நிப்பாரும்மா"ன்னு சொல்லி அழுதாங்க. எனக்கு இது புதுசு. எங்களையும் அப்படித்தான் பார்த்துனு நிப்பாரு, காலேஜ் பஸ் திரும்புற வரைக்கும்.

டிசம்பர் 7

கொடி நாள். வருஷா வருஷம் இன்னிக்கு சட்டையில கொடி குத்திக்கிட்டுதான் டீ குடிக்கவே போவாரு. காலையில தம்பி அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டோ பக்கத்துல வெச்சான்.

கருப்பு ட்ரங்கு பெட்டிய தொறந்தோம். மேல வெள்ளை பெயின்ட்ல அவரு நம்பர் இன்னும் அழியல. உள்ள 71 சண்டைக்கு குடுத்த மெடல்ங்க, பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், ரிப்பன் எல்லாம் வெளுத்துப் போச்சு. அதுக்கு அடியில நாங்க போட்ட லெட்டர். அவரு அட்ரஸ்ல 56 ஏபிஓன்னு ராணுவ தபால் ஆபீஸ் நம்பர் மட்டும்தான் இருக்கும், எந்த ஊருல இருக்காருன்னே எங்களுக்குத் தெரியாது, ஆனா புள்ளைங்களுக்கு தனித்தனியா இன்லேண்ட் லெட்டர் வரும். அம்மா லெட்டர்ல ஒரு ஓரத்துல எங்களை விசாரிச்சு முடிக்கிற பழக்கமே அவருகிட்ட இல்ல. ரெண்டாங்கிளாஸ்ல நான் கோணக்கையெழுத்துல எழுதினதைக் கூட பத்திரமா வெச்சிருக்காரு, "அப்பா லீவு எப்போ"ன்னு அதுல மூணு தடவை கேட்டிருக்கேன்.

1988-ல பென்ஷன்ல வந்தப்புறம் அந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து எங்க கூடவே இருந்தாருன்னு தோணுது. நாலரை மணிக்கு எழுந்து அம்மாவுக்கு தண்ணி புடிச்சு வெப்பாரு, கரிப்பொட்டியில எங்க யூனிபார்ம் மடிப்பை ஒண்ணொண்ணா தேய்ப்பாரு, ஷூவை வரிசையா வெச்சு பாலீஷ் போடுவாரு, மூஞ்சி தெரிஞ்சாதான் விடுவாரு. ஞாயித்துக்கிழமை பூரியும் ஆலுவும் அவரு சமையல், அம்மா அன்னிக்கு அடுப்பு பக்கம் வரக்கூடாது.

டிசம்பர் 10

பென்ஷன் ஃபைல் எடுத்தோம். டிஸ்சார்ஜ் புக், பிபிஓங்கிற பென்ஷன் ஆர்டர், ஜாயின்ட் போட்டோ, ஆதார் காப்பி எல்லாம் வரிசையா இருக்கு, மேல ஒரு பேப்பர்ல அவரு கையெழுத்துல, நான் இல்லன்னா முதல்ல டெத் சர்டிபிகேட் வாங்கு, அப்புறம் பேங்க்குக்கு போ, அப்புறம் முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்னு ஒண்ணு ரெண்டு மூணு போட்டு எழுதியிருக்காரு. படிச்சுட்டு அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அம்மா பேரு ஆரம்பத்துல ரெக்கார்ட்ல வேற மாதிரி எழுதியிருந்துச்சாம். பெங்களூர் ரெக்கார்ட் ஆபீசுக்கு திரும்பத் திரும்ப லெட்டர் போட்டு, அபிடவிட் குடுத்து, ரெக்கார்ட்ல மாத்துறதுக்கான பார்ட் டூ ஆர்டர் வாங்கி, இருக்கும்போதே சரி பண்ணிட்டாரு. குடும்ப பென்ஷன்னா கடைசி சம்பளத்துல 30 சதவீதம், அதுக்கே ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு எத்தனையோ பொம்பளைங்க மாசக்கணக்கா அலையறாங்க. அப்படி அலைஞ்ச நிறைய பேரை இவரே கூட்டிட்டுப் போயி உக்காந்து எழுதிக் குடுத்திருக்காரு, பஸ் காசு கூட வாங்க மாட்டாரு.

டிசம்பர் 13

கருமாதி முடிஞ்சுது. மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவ இன்ஜினியர் படையில அப்பா கூட இருந்த மூணு தாத்தாங்க வந்தாங்க, ஒருத்தருக்கு நடக்கவே முடியல, மத்தவங்க தோளைப் புடிச்சுட்டு வந்து போட்டோ முன்னாடி நிமிர்ந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. நான் அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்தேன், அப்போ முடியல.

டிசம்பர் 16

விஜய் திவஸ், 1971-ல பாகிஸ்தானை ஜெயிச்ச நாள். எல்லாரும் இன்னிக்கு டாக்காவுல 93,000 பேரு சரணடைஞ்சதைப் பத்திதான் பேசுவாங்க. அப்பா இருந்தது மேற்கு பக்கம், பாகிஸ்தான் பஞ்சாப்ல சக்கர்கர், பசந்தர் ஆறு. சண்டையைப் பத்தி அவரு வாயத் தொறந்து கேட்டது ஒரே ஒரு தடவைதான், என் பையன் கேட்டப்போ.

1971 டிசம்பர் 15 ராத்திரி. 16 மெட்ராஸ் காலாட்படை ஆத்தைத் தாண்டிப் போயி அந்தப் பக்கம் புடிச்சு நிக்குது, அவங்களுக்கு உதவியா டாங்க் போகணும், நடுவுல கண்ணிவெடி. அதை எடுத்து பாதை போடுற வேலை 9 இன்ஜினியர் ரெஜிமென்டுக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளம். பஞ்சாப் குளிருல விரல் மரத்துப்போகுமாம், ஆனா கிளவுஸ் போட்டா மண்ணுக்குள்ள என்ன தட்டுதுன்னு தெரியாதாம், அதனால வெறுங்கையால கம்பியைப் புடிச்சு, சாய்வா குத்திக் குத்திப் பார்த்து, மேல இருந்து நேரா அமுத்தினா முடிஞ்சுது. பாதை முழுசா ரெடியாகுறதுக்குள்ளயே அந்தப் பக்கம் நெருக்கடின்னு பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட் டாங்குங்க உள்ள எறங்கிப் போச்சு. மறுநாள் அந்த டாங்க் சண்டையிலதான் அருண் கேத்தர்பால் செத்தாரு, 21 வயசு, பரம்வீர் சக்ரா குடுத்தாங்க. அப்பாவுக்கு அப்போ 24. "நாங்க போட்ட வழியிலதான்டா அந்தப் புள்ள போச்சு"ன்னு சொல்லி நிறுத்திட்டாரு. என் பையன் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல, தாத்தா கையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டான்.

அந்தக் கையாலதான் எனக்கு ஜடை பின்னி விட்டாரு. இதை எங்கயாவது எழுதி வெக்கணும்னுதான் இவ்வளவு எழுதறேன்.

டிசம்பர் 19

அம்மாவைக் கூட்டிக்கிட்டு முன்னாள் படைவீரர் நல ஆபீஸ் போய் வந்தோம், அவரு எழுதி வெச்ச வரிசைப்படியே எல்லாம் சரியா இருந்துச்சு, பேப்பர் எதையும் திருப்பி அனுப்பல. வெளிய பெஞ்சுல ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க, புருஷன் டிஸ்சார்ஜ் புக்ல அவங்க பேரு தப்பா இருக்காம், என்ன பண்றதுன்னே தெரியலன்னாங்க. "எங்க வீட்டுக்காரரு எழுதின லெட்டர் காப்பி இருக்கு, அதைப் பார்த்து எழுதிடலாம், வீட்டுக்கு வாம்மா"ன்னு அம்மா அட்ரஸ் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை வர்றாங்க. நான்தான் எழுதித் தரணும்.