ஊற்றுகிற நட்டை முதலில் கழட்டு

கஜா புயல் அடித்து ஒரு வாரம் ஆகியும் எங்கள் தோப்புப் பாதை திறக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் சாய்ந்த தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. டிராக்டர் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் தோப்பு. கடைசியில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து, சங்கிலி கட்டி, மரங்களை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு இழுத்துப் போட்டார். நாலு சக்கரமும் சேற்றைப் பிறாண்டிக்கொண்டு இழுத்ததைப் பார்த்தபோது பிடித்த பைத்தியம்தான். அடுத்த வருடம், அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், 1989 மாடல் மஹிந்திரா ஜீப் ஒன்றை வாங்கிக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பீஜோ டீசல் என்ஜின், 2112 சிசி. பின் சீட்டுகளை எடுத்துவிட்டு யாரோ தகரத் தொட்டி அடித்திருந்தார்கள். உரமூட்டை ஏற்றத் தோதாக இருந்தது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. தண்ணீர் கடைசியாக வரும், வடிவதும் கடைசியாகத்தான். களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இந்த மண்ணில் ஓடுகிற வண்டிக்கு என்னென்ன வியாதி வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்பானரில் 12 எது, 13 எது என்பதே தெரியாது.

வாங்கிய மூன்றாம் வாரம் முதல் பாடம். வயலிலிருந்து ஃபோர்வீல் லிவரைப் போட்டபடியே தார்ச்சாலை ஏறி, அப்படியே டவுன் வரைக்கும் ஓட்டிவிட்டேன். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வளைவுகளில் யாரோ பிரேக்கை மிதிப்பதுபோல வண்டி திணறியது. லிவரை எடுக்கப் பார்த்தால் வரவே இல்லை. ஒரு பட்டறையில் காட்டினேன். கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்கணும், 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கையில் பணம் இருந்திருந்தால் சரி என்றிருப்பேன்.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் இருக்கிறார், பழைய ஆள் என்று டீக்கடையில் சொன்னார்கள். எழுபது வயதுக்கு மேல். ஆயில் என்ஜினும் ஜீப்பும் பார்த்துக்கொண்டிருந்தவர், முட்டி வலியால் வேலையை விட்டிருந்தார். வாசலில் நின்ற வண்டியை இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“ரிவர்ஸ் போட்டு நேரா ஒரு பத்தடி போ தம்பி.”

போனேன். அடியில் டொக் என்று ஒரு சத்தம். லிவர் வெண்ணெய் மாதிரி வந்தது.

வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடியாகவேண்டும். இந்த மாதிரி ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிபரென்ஷியல் கிடையாது. ஃபோர்வீல் போட்டால் இரண்டும் டிரான்ஸ்பர் கேஸுக்குள், அதாவது சுழற்சியை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டிக்குள், பூட்டிக்கொள்ளும். சேற்றில் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கிக் கணக்கு நேராகிவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு ஏறிக்கொண்டே போய் பற்களைக் கவ்விக்கொள்ளும். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும், எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு இறங்கும். பாய் செய்யச் சொன்னது அவ்வளவுதான்.

எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அங்கேயே கேட்டேன். “நான் கை வைக்க மாட்டேன். ஒரு நாற்காலி போடு, டீ வாங்கிக் கொடு, சொல்றேன்” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நாற்காலி களத்து வேப்பமர நிழலில்.

ஆனால் முதல் வேலையை அவரைக் கேட்காமல் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலை மாற்றலாம் என்று அடியில் படுத்துக் கீழ் நட்டைக் கழட்டினேன். டீ நிறத்தில், பால் கலந்த டீ, ஆயில் இறங்கியது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். நல்லவேளை பார்த்தோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, புது 90 கியர் ஆயில் ஊற்றப் பக்கவாட்டில் இருக்கும் நட்டுக்குப் போனேன். அது அசையவில்லை. எனக்கு முன்னால் எவரோ பைப் ரெஞ்ச் போட்டு அதன் முனைகளை உருட்டியிருந்தார்கள். நானும் என் பங்குக்கு உருட்டினேன். சாயங்காலம் வாக்கில் நட்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை, ஊற்ற வழியும் இல்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது.

மறுநாள் பாய் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது. “ஊத்துற நட்டு கழலுதான்னு பாத்துட்டுல்லப்பா கீழ தொறக்கணும்!”

வெல்டிங்காரர் வந்தார். பேட்டரி ஒயரைக் கழட்டிவிட்டு, உருண்டுபோன நட்டின் தலைமேல் வேறொரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். வெல்டிங் சூட்டிலேயே மரை இளகிவிடும். ஆறியதும் ஸ்பானரைப் போட்டால் அரைச் சுற்றில் வந்தது. அதன்பிறகு ஆயிலைத் துளை வழியாகக் கசியும்வரை ஊற்றவேண்டும், அவ்வளவே. இப்போதெல்லாம் எந்த வேலைக்கு உட்கார்ந்தாலும் எதைக் கழட்டலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் எதை மாட்ட முடியாமல் போகும் என்று பார்க்கிறேன்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? வெயிலில் ஓடி வந்த டிரான்ஸ்பர் கேஸ், ஆக்சில் ஹவுசிங் எல்லாம் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அப்படியே வாய்க்காலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். இவற்றின் மேல் மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு. அது தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைக் குடிக்கும். களிமண் அடைத்திருந்தால் கிழிந்த ஆயில் சீல் வழியாகக் குடிக்கும். என் வண்டியில் அடைத்திருந்தது. துளையைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மேலே பாடிக்குள் கட்டிவிட்டேன். குழாய்க்கும் கிளிப்புக்கும் சேர்த்து 100 ரூபாய்கூட ஆகவில்லை. வாய்க்காலில் இறங்குமுன் பத்து நிமிடம் ஆறவிடும் பழக்கமும் வந்தது.

2022 மே மாதம் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும்போதே முன்சக்கர பேரிங் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று திட்டம். வழக்கம்போல ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று மெத்தனமாக இருந்தேன். அந்த வருடம் பார்த்து மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நான் ஒருவன்தான் வாய்க்காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

களிமண் தரையில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அடியில் பலகை வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும், இதில் எனக்குக் கால் போயிருக்கும். இந்த ஜீப்பில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஷாப்ட் நின்றபடியே இருக்கும், ஆனால் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் டிபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். கை பிரேக் போட்ட வண்டி என்று நம்பி ஸ்டெப்னி மாற்றும்போது அது மெதுவாக நகர்ந்து ஜாக்கியிலிருந்து சரிந்தது. இப்போது தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை. அடியில் ஸ்டாண்டு வைக்காமல் படுப்பதும் இல்லை.

பேரிங்குக்கு வருகிறேன். ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டு இரண்டு, நடுவே ஒரு லாக் வாஷர். அந்த அளவுக்கு என்னிடம் ஸ்பானர் இல்லை. எனக்கு முன்னால் பார்த்தவர்களிடமும் இருந்திருக்காது போல, நட்டைச் சுற்றி உளி அடித்த காயம். நான் லேத்தில் பழைய பைப் ஒன்றைக் கொடுத்து அளவுக்குச் செய்து வாங்கினேன். ஹப்பைக் கழட்டியதும் உள்ளே கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெளுத்த மோர் மாதிரி ஏதோ வழிந்தது. பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு. பேரிங், அது உட்காரும் வெளி வளையமான கப், ஆயில் சீல் எல்லாம் புதிது. கப்பைப் பித்தளைக் கம்பியால்தான் தட்டி இறக்கவேண்டும், இரும்பு படக்கூடாது என்றார் பாய்.

எனக்குப் பிடித்த வேலை கிரீஸ் ஏற்றுவது. உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் குத்திக் குத்தி அழுத்தவேண்டும். முதலில் ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். திடீரென்று மேல்பக்கம் உருளைகளின் நடுவே, இடியாப்பம் பிழிகிற மாதிரி, கிரீஸ் எட்டிப்பார்க்கும். அப்படியே சுற்றிலும். மேலாகத் தடவிவிட்டால் உள்ளே போகாது.

நட்டை இறுக்குவதில்தான் கோட்டை விட்டேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கவேண்டும், சக்கரம் பிடிக்க ஆரம்பித்ததும் ஆறில் ஒரு பங்கு சுற்று திருப்பி விடவேண்டும், அப்புறம் லாக் வாஷர், வெளி நட்டு. திருப்பி விட்டால் ஆடுமே என்று பயந்து நான் விடவில்லை. ஆறு கிலோமீட்டரில் தீய்ந்த வாடை. இறங்கி எச்சிலைத் தொட்டு ஹப்பில் வைத்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி சுர்ரென்றது. திரும்பவும் எல்லாவற்றையும் கழட்டினேன். இரண்டாம் முறை பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அந்த வாரமே டீசல் ஃபில்டரையும் மாற்றினேன், தனியாக, பெருமையாக. மறுநாள் காலை நாற்றங்காலுக்கு விதை ஏற்றிக்கொண்டு போகவேண்டும், வண்டி எடுக்கவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஹீட்டர் பிளக் போய்விட்டது என்று நானே முடிவுகட்டினேன். மே மாத வெயிலில் இந்த ஊரில் ஹீட்டர் பிளக் இல்லாமலே பிடிக்கும் என்பது அப்போது தோன்றவில்லை. பேட்டரி இறங்குகிற சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தார்.

“ஏர் எடுத்தியாடா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா சிங்கப்பூரில் இருந்த வருடங்களில் எங்கள் போர்வெல்லில் கரண்ட் கிடையாது, ஆயில் என்ஜின்தான். அதை ஓட்டியது அம்மா. எனக்கு அது ஞாபகமே இல்லை, அல்லது ஞாபகம் இருந்தும் இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

“டேங்குலேர்ந்து வர்ற பைப்பு எது?” என்று கேட்டுக்கொண்டு புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தார். ஃபில்டர் மேலிருந்த போல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, கை பம்பை அழுத்தச் சொன்னார். சோறு கொதிக்கிற மாதிரி நுரைநுரையாக டீசல் வந்தது. நுரை நின்று ஒரே தாரையாக வரும்வரை விடவில்லை. “இப்ப முறுக்கு.” அதற்கு மேல் அவருக்குத் தெரியாது, அவருடைய என்ஜினுக்கு ஒரே சிலிண்டர். நாலு இன்ஜெக்டர் குழாய்களில் இரண்டின் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து அங்கேயும் காற்றை வெளியேற்றவேண்டும் என்பது பாய் சொல்லி எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும். நட்டுகளை இறுக்கினேன். மூன்றாம் முறை பிடித்தது. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காற்று புகுந்ததற்குக் காரணம், பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன். அது ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும். அவசரத்துக்கு அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகும் என்று பாய் பிறகு சொன்னார். செய்து பார்த்தேன், ஒழுகவில்லை.

ஒயரிங்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எலி கடித்தது, ஆள் வைத்து மாற்றினேன். வேதாரண்யம் உப்பளப் பக்கம் இரண்டுமுறை போய்வந்ததில் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் யூபோல்ட்டுகள் துருப்பிடித்து, கேஸ் வைத்து அறுக்கவேண்டியதாயிற்று. இப்போது அந்தப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பிரேக் டிரம்மையும் ஈரத் துணியால்தான் துடைக்கிறேன், ஊதுவதில்லை. பழைய லைனிங் தூளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்.

பின் டிபரென்ஷியல் மூக்கில், ஷாப்ட் சேரும் இடத்தில், சீல் ஒழுகுகிறது. நெல் காயவைக்கிற களத்தில் ஆயில் சொட்டினால் அம்மா சும்மா இருப்பாரா, அடியில் ஒரு பெயிண்ட் டப்பாவைத் தள்ளிவைத்திருக்கிறார். கழட்டுமுன் நட்டும் ஷாப்டும் இருந்த நிலையைப் பஞ்ச் வைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பாய். சீல் வெள்ளிக்கிழமை வருவதாகக் கடையில் சொன்னார்கள். ஊற்றுகிற நட்டை நேற்றே கழட்டி, கிரீஸ் தடவி, கைமுறுக்காக மாட்டிவைத்துவிட்டேன்.