முதுகில் அறைந்த டிரக்

எங்கள் வீட்டுப் பழைய பிக்கப் டிரக் ஒரு நாள் காலையில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, என்னை அடிக்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்தாலும், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும் நொடியில், இருக்கைக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருந்து முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டதைப் போல வண்டி குலுங்கியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது அதற்கு வட்டியும் சேர்ந்து கிடைத்தது. மூன்றே கியர்கள் கொண்ட பழைய ஆட்டோமேட்டிக் என்பதால் தண்டனை இரண்டு அறையோடு முடிந்தது. இப்போது வரும் சில டிரக்குகளில் 10 கியர்கள்கூட இருக்கின்றன. அப்படி ஒன்றை வைத்திருந்தால் இந்தப் பதிவைக் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதியிருப்பேன்.

அறை விழுந்தது ஒருபுறம் இருக்க, அது நேரத்திற்கும் விழவில்லை. நிதானமாகப் போகும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வாக்கில் சத்தமில்லாமல் விழுந்துவிடும் இரண்டாவது கியர், இப்போது 40ஐத் தாண்டி இன்ஜின் தொண்டை கிழிய அலறிய பிறகே மனம் இரங்கியது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி முதல் அறைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார், இரண்டாவதற்கு, "ஏங்க, நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று இவ்வளவு கோபமாக ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். கோபம் எனக்கில்லை, வண்டிக்குத்தான் என்று நான் சொன்ன பதிலை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் விவரத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும், சார்" என்றார். அந்த வாக்கியத்தின் வாலில் ஒரு பெரிய தொகை தொங்கிக்கொண்டிருந்தது எனக்குப் போனிலேயே கேட்டது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது, அதில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான். இருந்தாலும் வண்டியோடு வந்த பழைய கையேட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன்.

முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும் என்று கையேடு சொன்னது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அரை மணி நேரத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் மைத்துனனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கையேட்டை வாங்கி அடுத்த வரியைப் படித்தான். "அத்தான், இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கச் சொல்லியிருக்கிறது. நீங்கள் சாவியே போடவில்லை." இந்தக் கியர் பாக்ஸில் இன்ஜின் நின்றிருக்கும்போது எண்ணெய் கீழே வடிந்து தேங்குவதால் அளவு கூடுதலாகத்தான் தெரியும். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைக்கும் லீவரை ஒரு முறை நகர்த்தி, பார்க்கில் வைத்துப் பார்த்தபோது அளவு கச்சிதமாக இருந்தது. ஆனால் நிறம் சரியில்லை. செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பேறியிருந்தது. கருகிய வாடை இல்லாததால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் இன்னும் தீயவில்லை என்று தேற்றிக்கொண்டு, குற்றவாளி பழைய எண்ணெய்தான் என்று தீர்ப்பு எழுதினேன்.

எண்ணெயை இறக்குவதற்கு இந்த வண்டியில் திருகு மூடி கிடையாது. அடியில் இருக்கும் தட்டையே கழற்ற வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளில் உட்கார வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வராது.) தட்டைச் சுற்றி 13 போல்ட்டுகள். ஒரு முனையில் உள்ளவற்றைப் பிடிமானத்திற்கு விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றினால் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எண்ணெய் ஒழுங்காக வடியும் என்பதைப் படித்திருந்தேன், அப்படியே செய்தும் இருந்தேன். தட்டுதான் அசையவில்லை. எண்ணெய் கசியாமல் இடையில் வைத்திருக்கும் பழைய கேஸ்கட் பசை போட்டதுபோல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து லேசாக நெம்பினேன். மறுபடியும் நெம்பினேன். மூன்றாவது முறை, "மைத்துனா, பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்..." என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அது விட்டுக்கொடுத்தது. வெதுவெதுப்பான எண்ணெய் என் மணிக்கட்டில் இறங்கி, சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கையில் சற்றே இளைப்பாறி, அக்குளில் போய்ச் சேர்ந்தது. பாத்திரத்திற்குள் விழுந்தது மிச்சம்தான். துடைத்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றியபோது, இனி ஒன்றும் இல்லை என்று நான் நம்பியிருந்த இடத்திலிருந்து இன்னொரு குவளை எண்ணெய் நெற்றியில் இறங்கியது.

1970களின் தொடக்கம் வரை இந்த வகை எண்ணெயில் திமிங்கில எண்ணெயைக் கலந்து வந்தார்கள் என்பதையும், திமிங்கிலத்தைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்த பிறகே மாற்று தேடினார்கள் என்பதையும் எப்போதோ படித்தது அந்த நிலையில் நினைவுக்கு வந்தது. அந்த ஜீவனுக்கு நேர்ந்ததில் நூறில் ஒரு பங்குகூட எனக்கு நேரவில்லை என்று ஆறுதல் அடைந்தேன்.

தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காந்தத்தைப் பார்ப்பதற்கு எனக்கு உள்ளூர நடுக்கமாகவே இருந்தது, ஏனெனில் கியர் பாக்ஸின் ஜாதகமே அதில்தான் எழுதியிருக்கும். உலோகச் சில்லுகள் இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. விரலால் வழித்துப் பார்த்தேன். கண் மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு, நெருடாமல் வழுக்கிக்கொண்டு போனது. வெறும் தேய்மானத் தூள். அது இருப்பது இயல்பு. புது ஃபில்டரையும் புது கேஸ்கட்டையும் பொருத்தி, போல்ட்டுகளை மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திக்கொண்டேன். பலத்தைக் காட்டினால் தட்டு வளைந்து ஒழுகத் தொடங்கிவிடும். அளவுக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் நுரைத்துவிடும் என்பதால், இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

மாலையில் மூவரும் வண்டியில் ஏறினோம். வண்டி எங்களைப் பளார் என்று அறைந்தது. புது எண்ணெய் குளித்த தெம்பில் முன்பைவிடப் பலமாக அறைந்ததாகவே எனக்குப் பட்டது. அடுத்த ஞாயிறு, பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டின் மூட்டுகளில் ஆட்டம் இருந்தாலும் இப்படி உதைக்கும் என்று மைத்துனன் சொன்னதை நம்பி அவற்றையும் ஆட்டிப் பார்த்தோம். பாறை மாதிரி இருந்தன.

தோற்றுப்போய், இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து, இரண்டு பேரும் கைகட்டி நின்றுகொண்டிருந்தோம். துணி காயப்போட வந்த மனைவி ஒரு கணம் நின்று, "இந்த உஸ் என்ற சத்தம் எப்போதும் வருவதுதானா?" என்று கேட்டார். இன்ஜின் என்றால் ஆயிரம் சத்தம் வரும் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள், மைத்துனன் அந்தச் சத்தத்தைத் தேடிக் குனிந்துவிட்டான். இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் குழாய் பின்னோக்கி இறங்குகிறது. அதன் தலையில் விரல் நீளத்திற்கு ஒரு ரப்பர் குழாய். வயதாகி, கல்லாய் இறுகி, நீளவாக்கில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் அவன் விரலை வைத்ததும் உஸ் நின்றது. இன்ஜினின் உறுமல்கூடச் சற்றுத் தணிந்தது.

அந்த இரும்புக் குழாய் போய்ச் சேருமிடம் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டர் என்னும் சிறிய டப்பா. என் கால் எவ்வளவு மிதிக்கிறது என்பது கியர் பாக்ஸுக்கு அந்தக் குழாய் வழியாகத்தான் தெரியும். நல்ல இன்ஜின் சும்மா ஓடும்போது காற்றை உறிஞ்சி, அந்தக் குழாயில் 17 முதல் 21 அங்குலப் பாதரச (வெற்றிடத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெற்றிடம் இழுக்கும். முழுவதும் மிதித்தால் அது ஏறக்குறையப் பூஜ்யமாகிவிடும். இழுப்பு குறைந்தால், ஓட்டுநர் தரையோடு மிதிக்கிறார், பாரம் அதிகம் என்று மாடுலேட்டர் புரிந்துகொண்டு, எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தி, கியரைத் தாமதமாக, இறுக்கிப் பிடித்து மாற்றச் செய்கிறது. குழாய் வெடித்ததால் அதற்குச் சேதியே போகவில்லை. நான் பூப்போல மிதித்த நேரத்திலெல்லாம், யானை ஏற்றிக்கொண்டு மலையேறுவதாக அது நினைத்து உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறது. புது வண்டிகளில் இந்த வேலையைச் சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்க்கின்றன. அங்கேயும் சென்சார் பொய் சொன்னால் இதே அறை விழும்.

மாடுலேட்டர் பக்கத்து முனையைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்திருந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். இன்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்து, புகைபோக்கியில் வெள்ளைப் புகை விட்டிருக்கும். உலர்ந்திருந்தது. உறிஞ்சினால் சப்பிப்போகாத தடித்த சுவருள்ள குழாயாக வாங்கி, இரண்டு முனையிலும் மாட்டினேன். ஐந்து நிமிடம் ஆனது.

அன்று மாலை தெருவைத் தாண்டிச் சற்றுத் தூரம் போன பிறகு மனைவி, "கியர் எப்போது மாறும்?" என்று கேட்டார். மூன்றாவதில் போய்க்கொண்டிருந்தோம். "அப்படியென்றால் அந்த எண்ணெய்க் குளியல் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் எப்படியும் வந்திருந்தது என்றேன். அது உண்மையும்கூட, பழுப்பு நிறத்தை அவரே பார்த்தார். பின்னால் உட்கார இடமில்லாமல் நடுவில் நசுங்கியிருந்த மைத்துனன் சன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

வண்டி இப்போது வெண்ணெயாக ஓடுகிறது. இரண்டாவது கியர் விழும் நேரம் வந்தால் மட்டும், என் முதுகு இருக்கையை விட்டு விரற்கடை அளவு முன்னால் வந்து காத்திருக்கிறது.